விலை கொடுத்தும் நமதாகாத பொருள்

இவ்விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் என்னைக் கேட்டபோது, தமிழாசிரியனாகிய யான் சங்கச் செய்யுளைப் பற்றியோ நாவலர் பெருமானின் வசனநடையைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றே அவர் எண்ணியிருத்தல் வேண்டும். கணினி விளையாட்டுக்களைப் பற்றி எழுதக் கருதியுள்ளேன் என்று யான் சொன்னதும், "நல்லது மாஸ்ரர், பிள்ளைகள் அதனாலேதான் கெட்டுப்போகிறார்கள். நன்றாய்க் கண்டித்து எழுதுங்கள்" என்றார். அவரை ஏமாற்ற நேர்ந்தமைக்கு வருந்துகின்றேன். அவ்விளையாட்டுக்களை இருபது ஆண்டுகளுக்கு மேலாக விளையாடி வருபவருள் யானும் ஒருவன். மாணவர்தம் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்தி முடித்தபின், இரவில் ஒரு மணி நேரமாவது கணினியின் முன் அமராவிடின் எனக்கு உறக்கம் வாராது. இஃது என் மனையாளுக்குத் தெரியும். என் மாணவர் சிலருக்கும் தெரியும். யான் கண்டிக்கப் புகுவது விளையாட்டையன்று, அதனை விற்போர் அண்மைக் காலத்திற் கைக்கொண்டுள்ள ஒரு வழக்கத்தையேயாம்.

என் இளமையில், 1990க்குப் பின் சில ஆண்டுகள், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. போத்தல் விளக்கின் ஒளியிற் படித்த தலைமுறை எங்களுடையது. ஆதலின் கணினியோடு எனக்குப் பழக்கம் உண்டானது ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்ற காலத்திலேதான். விடுமுறைக்குக் கொழும்பில் மாமா வீட்டிற்குச் சென்றிருந்தபோது மச்சான் ஒரு விளையாட்டைக் காட்டினான். அதன் பெயர் டூம். அமெரிக்காவில் ஐடி சொவ்ற்வெயர் என்னும் சிறு குழுவினர் 1993 டிசெம்பரில் வெளியிட்டது. செவ்வாய்க் கோளின் நிலாவொன்றில் அமைந்த நிலையத்தில், நரகத்தினின்றும் புறப்பட்டு வந்த அசுரக் கூட்டத்தை ஒரு தனி வீரன் துப்பாக்கி கொண்டு அழித்துச் செல்வது அதன் கதை. ஆண்டுதோறும் கோயிலிற் சூரன்போர் பார்த்தும் கந்தபுராண படனம் கேட்டும் வளர்ந்த எனக்கு அக்கதையிற் புதுமை ஒன்றும் தோன்றவில்லை. ஆனால், சூரனோடு பொருபவன் யானே என்பது புதுமையாயிருந்தது. அன்று விடியுமளவும் யான் அவ்விடத்தை விட்டு எழுந்திலேன்.

அந்த விளையாட்டை இன்றும் விளையாடலாம். இதனை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்வாராக. பின்னர் இதற்கு மீளுவேன்.

இனி, வேறொரு விளையாட்டின் கதையைக் கூறுவேன். பிரான்சு நாட்டுக் கம்பனியாகிய யூபிசொவ்ற் 2014 டிசெம்பரில் 'த குரூ' என்னும் மோட்டார் ஓட்ட விளையாட்டை வெளியிட்டது. ஐக்கிய அமெரிக்காவின் பெருநிலப் பரப்பைச் சுருக்கி அதனுள் அமைத்திருந்தனர். நியூயோர்க்கிற் புறப்பட்டு, சமவெளியும் மலையும் பாலையும் கடந்து, மேலைக் கடற்கரை வரையும் ஒருவன் தன் விருப்பம்போல் வண்டியோட்டிச் செல்லலாம். பிறரோடு போட்டியிட விரும்பாது தனியே கதைவழிச் செல்வோர்க்கும் அதில் வேண்டிய அளவு இடம் இருந்தது. ஆயின், அத்தனியாளும் இணையத்தின் வழியே கம்பனியின் வழங்கியோடு தொடர்பு கொண்டாலன்றி விளையாட்டு இயங்காதவாறு அதனை அமைத்துவிட்டனர். வழங்கி என்றது, எங்கோ ஓரிடத்திலிருந்து பல்லாயிரம் பேருடைய கணினிகளுக்கு வேண்டுவன கொடுத்துக்கொண்டிருக்கும் பெருங்கணினியை. 2023 டிசெம்பரில் அவ்விளையாட்டின் விற்பனை நின்றது. 2024 மார்ச் 31ஆந் திகதி வழங்கியும் நின்றது. உடனே, உலகெங்கணும் பணங் கொடுத்து வாங்கியோர் அனைவரிடத்தும் இருந்த அவ்விளையாட்டு ஒரே நாளில் மாண்டொழிந்தது. பெட்டியோடு இறுவட்டு வாங்கி வைத்திருந்தவரிடம் பெட்டியும் இறுவட்டும் எஞ்சின. சிலருடைய கணக்கினின்றும் அதற்குரிய உரிமமும் சில நாளிற் பின் நீக்கப்பட்டது. கலிபோர்னியாவில் இருவர் அதே ஆண்டு நீதிமன்றம் சென்றனர். வாங்கியோர் பெற்றது பயன்படுத்தும் அனுமதியேயன்றி உடைமையன்று என்பது கம்பனியார் அங்கு எடுத்துரைத்த விடை.

அவ்விடையைப் படித்தபோது எங்கள் ஊர் வீதிகளில் ஓடும் பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்கள் என் நினைவுக்கு வந்தன. அவற்றைச் செய்த கம்பனியின் பெயரே இன்று வழக்கில் இல்லை. போர்க்காலத்திற் பெற்றோல் கிடையாதபோது மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப் பாகம் கிடையாதபோது சுன்னாகத்திலும் பிறவிடத்திலும் உள்ள கராச்சுக்காரர் தாமே கடைந்து பூட்டினர். மணமகளை ஏற்றிக்கொண்டு இன்றும் அவை கோயில் வீதியில் வந்து நிற்கின்றன. அவற்றைச் செய்தவர், "யாம் கடையைப் பூட்டுகின்றோம், ஆதலின் நும் வாயிலில் நிற்கும் கார் இன்றிரவு பன்னிரண்டு மணிக்குமேல் ஓடாது" என்று இங்கிலாந்திலிருந்து அறிவித்திருந்தால் நம் முன்னோர் யாது சொல்லியிருப்பர்? அவர் சொல்லியிருக்கக் கூடியவற்றைக் கல்லூரி மலரில் அச்சிடல் இயலாது.

மென்பொருள் எப்போதும் இவ்வாறு இருந்ததன்று. தொடக்கத்தில் அது விற்கும் பொருளாகவே கருதப்படவில்லை. பெருங்கணினி வாங்குவோர்க்கு அதனோடு சேர்த்துக் கொடுக்கப்படும் ஒரு துணைப்பொருளாயிருந்தது. ஐ.பி.எம். கம்பனி 1969இல் மென்பொருளுக்கு வேறாக விலையிட முடிவு செய்தது. 1976இல் பில் கேற்ஸ், தாம் செய்த மென்பொருளை விலைகொடாது படியெடுத்த கணினி ஆர்வலர்க்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, உழைத்தவனுக்குக் கூலி வேண்டாவா என்று கேட்டார். அக்கேள்வி நியாயமானதே. உழைப்புக்கு விலை கொடுப்பதில் எனக்குச் சிறிதும் தடையில்லை. விலை கொடுத்தபின் பொருள் எங்கே என்பதே என் கேள்வி. அடோபி கம்பனி 2013இல் தன் படம் வரையும் மென்பொருட்களின் புதிய பதிப்புக்களை விற்பதை விடுத்து மாத வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கிற்று. வாடகை என்று வெளிப்படையாய்ச் சொல்லி வாடகை வாங்குவோரிடம் யான் பிணக்குறேன், பிடியாதவன் விலகிக்கொள்ளலாம். விற்பனை என்று சொல்லி வாடகை கொடுப்பதே பிழை.

நூலுலகிலும் இது நிகழ்ந்ததுண்டு. 2009 ஜூலையில் அமேசன் கம்பனி, கிண்டில் என்னும் கருவியில் வாசகர் வாங்கி வைத்திருந்த இரு நூல்களை அவரறியாமலே தொலைவிலிருந்து அழித்துவிட்டது. விற்றவருக்கு அவற்றை விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தனர்; கம்பனித் தலைவர் மன்னிப்பும் கேட்டார். எனினும் அழிக்கப்பட்ட நூல்கள் ஜோர்ஜ் ஓர்வெல் எழுதியவை. அவற்றுள் ஒன்று, வேண்டாத எழுத்தையெல்லாம் அரசு தீயிலிட்டு மறைக்கும் கதை கொண்ட '1984'. விதி சிலபோது அங்கதமும் எழுதும் போலும்.

யப்பானியக் கம்பனியாகிய கொனாமி 2014 ஓகத்தில் 'பி.ரி.' என்னும் ஒரு சிறு விளையாட்டை விலையின்றி வெளியிட்டது. ஹிடியோ கோஜிமா அமைத்தது. ஒரு வீட்டின் ஒரே நடைவழி, அதிலே திரும்பத் திரும்ப நடத்தல், அவ்வளவே. அச்சச் சுவையை இத்துணைச் சிக்கனமாய்க் காட்டிய பிறிதொன்றை யான் அறியேன். மெய்ப்பாட்டியலை மாணவர்க்குக் கற்பிக்கும்போது இதனை எடுத்துக் காட்டலாமா என்றுகூட ஒருமுறை நினைத்து, அதிபரை எண்ணி விட்டுவிட்டேன். 2015 ஏப்ரலில் அதனைக் கடையிலிருந்து எடுத்துவிட்டனர். முன்னே பெற்றவரும் தம் கருவியினின்றும் அழிந்துபோனால் மீளப் பெறல் இயலாது. அதன்பின், அவ்விளையாட்டு உள்ளிருக்கும் கருவிகளைச் சிலர் மிகுந்த விலைக்கு விற்கத் தொடங்கினர். உலகம் வியந்த ஒரு கலைப்பொருள், மறைவாய்க் கைமாறும் பொருளாயிற்று.

விற்போர் பக்கத்து நியாயத்தையும் கேட்டல் வேண்டும். வழங்கியை நடத்தப் பணம் வேண்டும். பத்துப் பேர் விளையாடும் விளையாட்டுக்காக ஒரு கம்பனி என்றென்றும் மின்கட்டணம் செலுத்திக்கொண்டிருக்க வேண்டுமென்று அறிவுடையோர் எவரும் கூறார். விளையாடுவோர் தாமே வழங்கி அமைத்து நடத்தினால், ஆங்கு நிகழும் தீச்சொல்லுக்கும் தீச்செயலுக்கும் யார் பொறுப்பு என்று ஐரோப்பிய விளையாட்டுத் தொழிலோர் கேட்கின்றனர். அஃதும் தள்ளத்தக்க கேள்வியன்று. மேலும், எல்லாரும் ஒரே வகையாய் நடப்பதுமில்லை. 2024 ஓகத்தில் சோனி கம்பனி வெளியிட்ட 'கொன்கோட்' இரண்டு கிழமைகளில் மூடப்பட்டபோது, வாங்கிய அனைவருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டனர். வீழ்ச்சி வீழ்ச்சியே, ஆயினும் அதில் நாணயம் இருந்தது.

ஆனால், என்றென்றும் நடத்துமாறு யாரும் கேட்கவில்லையே. றொஸ் ஸ்கொற் என்பவர் 2024இல், மேற்சொன்ன மோட்டார் விளையாட்டின் முடிவைக் கண்டு மனம் வெதும்பி, 'விளையாட்டுக்களைக் கொல்வதை நிறுத்துக' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். அவர் கேட்டது ஒன்றே: கடையை மூடும்போது, வாங்கியவன் தன் வீட்டில் வைத்து இயக்கத்தக்க நிலையிற் பொருளை விட்டுச் செல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்து மக்கள் இக்கோரிக்கைக்கு இட்ட கையொப்பங்கள் 2025 ஜூலையில் பத்து இலட்சத்தைக் கடந்தன. விளையாட்டுப் பிள்ளைகளின் கூச்சல் என்று இதனை இகழ்ந்தவர் சிலர் அன்று வாய் மூடினர்.

அவ்வாறு விட்டுச் செல்லல் இயலுமா எனின், இயலும் என்பதற்குச் செய்து காட்டியவரே சான்று. வெலன் என்னும் சிறு நிறுவனத்தார் 2023 ஜூனில் தமது 'நொக்கவுட் சிற்றி'யின் வழங்கிகளை நிறுத்தியபோது, விளையாடுவோர் தாமே வழங்கி நடத்தத்தக்க ஒரு பதிப்பை விலையின்றிக் கொடுத்துவிட்டுச் சென்றனர். யூபிசொவ்ற் கம்பனிகூட, எதிர்ப்பு எழுந்தபின், அம்மோட்டார் விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு இணையமின்றி ஓடும் வழியை அமைப்பதாக 2024இல் அறிவித்து, மறுவாண்டு நிறைவேற்றிற்று. இரண்டாவதற்கு இயன்றது முதலாவதற்கு ஏன் இயலாதாயிற்று?

இனி டூமுக்கு மீளுவேன். அதனை இயற்றியோர் 1997இல் அதன் மூலநிரலை, அதாவது அதனை இயக்கும் கட்டளைகள் முழுவதையும், உலகத்தார் எவரும் படிக்குமாறு வெளியிட்டுவிட்டனர். ஜோன் கார்மாக் என்னும் அறிஞரின் கைவண்ணம் அது. அன்றுதொட்டு அதனைப் புதிது புதிதாய் வரும் ஒவ்வொரு கருவிக்கும் எவரோ ஒருவர் பெயர்த்து எழுதிக்கொண்டே இருக்கின்றனர். அச்சியந்திரத்தின் சிறு திரையிலும் ஒருவர் அதனை ஓட்டிக் காட்டினார். யான் மச்சான் வீட்டிற் கண்ட அதே நடைவழிகளை, அவன் கணினி பழைய இரும்புக் கடைக்குச் சென்று பல்லாண்டு கழிந்தபின், இன்று என் கைத்தொலைபேசியிற் காண்கின்றேன். 1993இல் பிறந்த டூம் உயிரோடு இருக்கின்றது. 2014இல் பிறந்த த குரூ இறந்துவிட்டது. முதுமையால் மாளவில்லை, செய்தவனே திறவுகோலைத் தன்னோடு கொண்டு சென்றமையால் மாண்டது.

ஏட்டுச் சுவடிகளை ஆராய்ந்தோர்க்கு இவ்வேறுபாடு நன்கு விளங்கும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சேற்றுதற்கு முன் அது ஏட்டில் எத்தனை நூற்றாண்டு கிடந்தது! செல்லும் நெருப்பும் நீரும் தின்றவை போக எஞ்சியது நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், ஏடு கையிற் கிடைத்தவன் எவனும் எழுத்தாணி எடுத்து அதனைப் படியெடுக்கலாம் என்பதே. புலவரின் கிளைஞரிடம் அனுமதி பெற்றாலன்றி எழுத்துத் தோன்றாது என்ற பூட்டு ஏட்டில் இருந்திருப்பின், தமிழாசிரியனாகிய எனக்கு இன்று தொழிலே இராது.

கணினி விளையாட்டுக்கோ அத்தகைய பூட்டு உண்டு. பூட்டைத் திறப்பது பல நாடுகளிற் சட்டப்படி குற்றமுமாகும். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுக்களுள் நூற்றுக்கு 87 இன்று கடையில் விலைக்குக் கிடையா என்று அந்நாட்டு விளையாட்டு வரலாற்று நிறுவனம் 2023இல் ஆராய்ந்து வெளியிட்டது. அவற்றை நூலகங்கள் சேர்த்து வைத்து, ஆராய்வோர்க்கு அவரவர் இடத்திலிருந்தே பயன்படக் கொடுக்கலாமா என்று கேட்டபோது, பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்ரோபரில் மறுத்துவிட்டது. ஆயினும் ஆர்வலர் சோர்ந்திலர். பிளாஷ் என்னும் மென்பொருளை அடோபி 2020 டிசெம்பர் 31ஆந் திகதியோடு கைவிட்டபோது, அதனால் இயங்கிய சிறு விளையாட்டுக்களும் அசைபடங்களும் ஒரு நூறாயிரத்துக்கு மேற்பட்டவற்றைத் தொண்டர் சிலர் ஊதியமின்றித் திரட்டி வைத்தனர். வீட்டிலிருந்து இணையத்திற் பழகிய ஒரு தலைமுறையின் இளமை அதனால் தப்பிற்று. சட்டமும் சிறிது அசைந்துள்ளது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதலாக, பயன்படுத்தும் உரிமத்தை மட்டும் விற்போர் அதனைத் தெளிவாய்ச் சொல்லாமல் 'வாங்குக' என்னும் சொல்லைப் பயன்படுத்தலாகாது. சொல்லைச் சொல்லின் பொருளிலேயே வழங்குமாறு ஒரு சட்டமன்றம் கட்டளையிடுவதைக் கண்டு, நன்னூல் கற்பிக்கும் எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று. ஆயினும் அஃது எச்சரிக்கைப் பலகையே, பாலத்தைத் திருத்தவில்லை.

"இவையெல்லாம் மேனாட்டார் பொழுதுபோக்கு, நமக்கென்ன?" என்பார்க்கு, நம் வீட்டில் நிகழ்ந்ததைக் கூறுவேன்.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்ததெனினும், நம் நாட்டில் நெடுங்காலம் நாம் தட்டெழுதியது பாமினி முதலிய எழுத்துருக்களிலே. அவை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்துக் காட்டுவன. எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால், திருக்குறளும் ஆங்கில எழுத்துக்களின் குப்பையாய்த் தோன்றும். யான் பதினைந்து ஆண்டு முன் எழுதிவைத்த வினாத்தாள்கள் அவ்வாறே தோன்றின. ஒரு கணம் திகைத்தேன். ஆயின், எந்த ஆங்கில எழுத்துக்கு எந்தத் தமிழெழுத்து என்பது ஊரறிந்த செய்தியாதலின், அதனை மாற்றித் தரும் கருவிகளைப் பலர் செய்து இணையத்தில் வைத்துள்ளனர். ஒரு மாலைப் பொழுதில் என் வினாத்தாள்கள் அனைத்தும் மீண்டன.

நம் கல்லூரியின் முந்தைய விழா மலருக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. அது பக்கம் அமைக்கும் மென்பொருள் ஒன்றிற் கோக்கப்பட்டு, அச்சகத்தார் கொடுத்த இறுவட்டில் நம்மிடம் இருந்தது. கல்லூரி வரலாற்றுக் கட்டுரையையும் மறைந்த ஆசிரியர்தம் நினைவுக் குறிப்புக்களையும் இம்மலரிற் சேர்க்கக் கருதி அதனைத் திறக்க முயன்றோம். அம்மென்பொருளின் பழைய பதிப்பு இக்காலக் கணினியில் ஓடவில்லை. வாடகைக்குக் கிடைக்கும் புதிய பதிப்போ அத்துணைப் பழைய கோப்பை ஏற்கவில்லை. கோப்பின் உள்ளமைப்பு அதனைச் செய்தவர்க்கு மட்டுமே தெரிந்த மறைபொருள். இறுவட்டுப் பழுதின்றி இருக்கின்றது, எழுத்து முழுவதும் அதனுள் இருக்கின்றது, படிக்கத்தான் வழியில்லை. நூலகத்தில் எஞ்சிய ஒரே அச்சுப் படியை ஒளிப்படம் எடுத்து எழுத்தாக மாற்றியும் பார்த்தோம். ஈரம் ஊறிய பக்கங்களில் அக்கருவி ணகர னகரங்களை மயக்கி, மறைந்த ஆசிரியர் சிலருடைய பெயரையே கெடுத்துவிட்டது.

நம் பழைய மாணவருட் பலர் இன்று கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மென்பொருட் கம்பனிகளில் நல்ல பதவிகளில் இருக்கின்றனர். அவருள் சிலருக்கு யான் தமிழ் கற்பித்துள்ளேன். அவரிடம் ஒன்று கேட்பேன். நீங்கள் ஒரு மென்பொருளை வரையத் தொடங்கும் நாளில், அதனைக் கைவிடும் நாளில் யாது செய்வது என்பதையும் மேசையில் வைத்துப் பேசுங்கள். வழங்கியின்றி ஓடும் வழி ஒன்றைத் தொடக்கத்திலேயே விட்டு வைத்தல் எளிது. பத்து ஆண்டு கழித்து வெட்டிச் சேர்த்தல் அரிது என்று உங்களுள் ஒருவரே எனக்குச் சொன்னார். கோப்பின் அமைப்பை எழுதி வெளியிடுங்கள். மேலதிகாரி மறுப்பார், ஒருமுறையேனும் கேட்டுப் பாருங்கள். வகுப்பில் என்னிடம் எத்தனை கேள்வி கேட்டீர்கள்!

இதற்கிடையில், உயர்தர வகுப்பு மாணவர் நால்வர் சனிக்கிழமைதோறும் நூலகத்தில் அமர்ந்து, அவ்வச்சுப் படியைப் பார்த்து, ஒருங்குறியில் ஓரெழுத்தும் விடாது தட்டெழுதி வருகின்றனர். யான் ஒப்புநோக்குகின்றேன். மொத்தம் 112 பக்கங்கள். இதனை எழுதும் இன்று 67ஆம் பக்கத்தில் நிற்கின்றோம்.